அம்மியில் வைத்து உடைத்த முருகைக்கல்

எனக்குக் கோபம் வந்தால் கைதான் முதலில் போகும், யோசனை பிறகு ஆறுதலாக வரும். கலியாணம் கட்டி வந்த முதல் மாதமே கறிச்சட்டியைத் தூக்கி முற்றத்தில் அடித்தவள் நான். உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு என்று அவர் சொன்னதற்காக. அவர் சட்டியோடுகளைப் பொறுக்கிக்கொண்டு போய்க் கிணற்றடியில் கொட்டினார். அப்படிப்பட்ட மனிசனுக்கு இப்படி ஒரு பெண்சாதி வாய்த்தது யாருடைய குற்றமோ தெரியாது.

அவர் சுழியோடி. கடலுக்கடியில் போய்க் கைவலையால் அலங்கார மீன் பிடிப்பார். பிடித்ததை வீட்டு விறாந்தையில் நாலடிக் கண்ணாடித் தொட்டியொன்றில் கடல் தண்ணீர் நிரப்பி விட்டு வைத்திருப்பார். கொழும்பிலிருந்து வியாபாரியின் வான் வந்து ஏற்றிக்கொண்டு போகும். எங்கள் வீட்டிலிருந்து திருகோணமலைத் துறைமுகத்தின் உட்கரைக்கு நடந்தே போகலாம். சண்டை முற்றிய பிறகு, கப்பலுக்குக் குண்டு வைக்கத் தண்ணீருக்குக் கீழால் நீந்தி வருகிறவர்களைக் கொல்வதற்கென்று நேவிக்காரர் துறைமுகத்துக்குள் நேரத்துக்கு நேரம் வெடி போட்டார்கள். தொம்மென்று நிலத்துக்குள்ளால் ஒரு இடி வரும். அலுமாரிக்குள் பீங்கான் கிலுங்கும். தொட்டிக்குள் மீன்கள் எல்லாம் ஒரே பக்கமாய்ப் பாய்ந்து கண்ணாடியில் முட்டும். சில நாள் ஒன்றிரண்டு செத்து மிதக்கும்.

ஆனால் அவருடைய இடது காதைத் தின்றது அந்த வெடி இல்லை. வெளிக்கடலில் அவர் அடியில் நின்றுகொண்டிருந்தபோது, மேலே வள்ளத்தில் வந்த ஒருவன் மீன் கூட்டத்துக்கு டைனமைட் எறிந்தான். மூக்காலும் காதாலும் இரத்தம் வடிய அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு கிழமை கழித்து அந்த வள்ளக்காரனை மீன் சந்தையில் கண்டேன். செருப்பைக் கழற்றி முகத்தில் இரண்டு போட்டேன். அவன் திருப்பி அடிக்கவில்லை. அவனுக்கும் தெரியும்.

அதோடு சுழியோடுகிற வேலை முடிந்தது. கரையை விட்டு வெளியே போகக் கூடாதென்று கடலையும் பூட்டிப்போட்டார்கள், வியாபாரியின் வானும் வரவில்லை. அவர் கரையில் பைபர் வள்ளங்களுக்கு ஓட்டை அடைக்கிற வேலைக்குப் போகத் தொடங்கினார். விற்காமல் மிஞ்சின நாலைந்து மீனோடு தொட்டி என் தலையில் விழுந்தது. முதலில் "இந்தக் கோதாரியைக் கொண்டுபோய்க் கடல்ல கொட்டுங்கோ" என்றுதான் கத்தினேன். பிறகு எப்படியோ அது எனக்குப் பிடித்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன். அந்த நாட்களில் எங்கே நடக்கலாம், எத்தனை மணிக்கு லைட்டை நிற்பாட்ட வேண்டும், எந்தப் பையைத் திறந்து காட்ட வேண்டும் என்று எல்லாவற்றையும் வேறு யாரோ சொன்னார்கள். அந்த நாலடிக்குள் மட்டும் நான் சொன்னதுதான் சட்டம்.

அவர் சைக்கிளில் சல்லிக் கடற்கரைக்குப் போனால் வாளியில் முருகைக்கல் கொண்டு வருவார். புத்தகத்தில் பவளப்பாறை என்று எழுதுவார்கள், எங்கள் வாயில் அது முருகைக்கல்தான். கடலுக்குள் யார் வெடி போட்டாலும் அதுதான் முதலில் சிதறும். உடைந்த கொப்புகள் கரைவலையில் சிக்கி வரும். சும்மா கல் என்றுதான் மற்றவர்கள் வீசுவார்கள். உயிர் இருக்கிற துண்டு எது, செத்தது எது என்று அவருக்கு ஒரு பார்வையில் தெரியும். வாளியோடு காவலரணைக் கடப்பதுதான் பெரும்பாடு. ஒரு தரம் கேனில் இருந்த கடல் தண்ணீரைத் தண்ணீர்தானா என்று சோதிக்க, அவரையே குடிக்கச் சொன்னார்கள். மனிசன் மூன்று மிடறு குடித்துக் காட்டிவிட்டு, வீட்டு வாசலில் வந்து சத்தி எடுத்தார். கேனில் மிச்சத் தண்ணீர் சிந்தாமல் இருந்தது.

முதல் வந்த துண்டை நான் அப்படியே தொட்டிக்குள் போட்டேன். வடிவாய் இருந்தது, போட்டேன், அவ்வளவுதான். நாலாம் நாள் விடிய ஒரு மீன் பாதி உடம்போடு கிடந்தது. கல்லின் பொந்துக்குள் கறுத்த நண்டொன்று ஒளிந்திருந்து வெட்டிப் போட்டிருக்கிறது. கல்லின் அடியில் அழுகின பகுதியொன்றும் இருந்திருக்கிறது, அதில் தண்ணீரும் பழுதாகி மிச்ச மீனும் போய்விட்டது. நண்டைக் கரண்டியால் கிண்டி எடுத்து நிலத்தில் போட்டு, மிதித்து, மிதித்து, அது தாளாகிற வரைக்கும் மிதித்தேன். என் குதிக்காலில் ஓடு ஏறி ஒரு கிழமை நொண்டினேன். கரைவலையில் உயிரோடு சிக்கின சின்ன மீன் சிலதை அவர் கொண்டு வந்து திரும்பத் தொட்டியில் விட்டார்.

அதற்குப் பிறகு புதிய துண்டொன்று என் தொட்டிக்குள் போவதென்றால் லேசான காரியம் இல்லை. வெயில் படாமல் மூடிக்கொண்டு வந்த வாளியை முதலில் நிழலில் வைப்பேன். ஆஸ்பத்திரியில் வீசின சேலைன் குழாயொன்றைக் கழுவி வைத்திருந்தேன். அதால் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாய் வாளிக்குள் விடுவேன், ஒரு மணித்தியாலமாவது. சூடும் உப்பும் ஒத்துப்போக வேண்டும், திடீரென்று மாறினால் துண்டு தோலுரிந்து செத்துப்போகும். பிறகு வேறொரு சட்டியில் கடல் தண்ணீர் எடுத்து அயடின் சில துளி விட்டு, துண்டைப் பத்து நிமிடம் அதில் ஆட்டி ஆட்டிக் கழுவுவேன். அப்போது பாருங்கள், புழுவும் பூச்சியும் குட்டி நண்டும் பொலபொலவென்று கொட்டும். அந்தத் தண்ணீரில் ஒரு துளியும் தொட்டிக்குள் போகக் கூடாது. பழைய பல் பிரஷால் அடிப்பக்கத்தைத் தேய்த்து, முட்டை ஒட்டியிருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்த்து, இன்னொரு நல்ல கடல் தண்ணீரில் அலசி எடுப்பேன். அதற்குப் பிறகும் நேரே உள்ளே விடுவதில்லை. குசினி வாங்குப் பலகையில் பெரிய பிளாஸ்டிக் பேசினொன்றில் மூன்று நாலு கிழமை தனியாய் இருக்கும். இதெல்லாம் படித்து வந்ததில்லை. கொஞ்சம் கொழும்பு வியாபாரி சொன்னது, மிச்சம் செத்தவற்றிடம் கற்றது.

உள்ளே போன பிறகும் முதலில் அடிமட்டத்தில்தான் இடம், லைட்டுக்குக் கிட்ட எடுத்ததும் வைத்தால் வெளிறிவிடும். ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையில் ஒரு சாணாவது விட வேண்டும். இல்லாவிட்டால் இருட்டினதும் நூல் மாதிரி ஒன்றை நீட்டிப் பக்கத்தில் இருப்பதைச் சுட்டுவிடும். ஒரு தரம் இடம் காணாமல் இரண்டை நெருக்கி வைத்தேன். ஒரு கிழமைக்குள் ஒன்றின் பக்கம் முழுதும் வெந்து, வெறும் எலும்பு தெரிந்தது. "உதுகளுக்கும் எல்லைச் சண்டை" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, சுட்டதைப் பிடுங்கி வெளியில் எறிந்தேன்.

ஒரு முறை அவர் கொண்டு வந்தது ஒன்பது துண்டு. ஒரே நாளில் அத்தனை எப்போதும் வந்ததில்லை. பழுப்பு, பச்சை, ஊதா நுனி உள்ளது ஒன்று. எல்லாவற்றையும் கழுவி, அடியில் புட்டி பிடித்தேன். அவர் வள்ளத்து ஓட்டை அடைக்கிற புட்டிதான். இரண்டு கட்டியைச் சேர்த்துப் பிசைந்தால் சாம்பல் நிறமாய் இளகி வரும், தண்ணீருக்குள்ளேயே இறுகும். இறுகுமட்டும் துண்டு அசையாமல் இருக்கத் தங்கூசியால், அதாவது தூண்டில் நைலோன் நூலால், சுற்றிக் கட்டினேன். புதுப் புட்டி தண்ணீரைக் கலங்கப் பண்ணும், அதனால் பேசினில்தான் வைத்தேன். கரண்ட் அடிக்கடி போகிறதென்று காற்றுப் பம்பை மோட்டார் சைக்கிள் பற்றரியில் கொளுவியிருந்தேன். பேசினுக்கு மேலே தொங்கின லைட்டுக்கு டைமர் ஒன்று, நேரத்துக்கு எரிந்து நேரத்துக்கு நிற்க.

இப்போது எழுதும்போது எனக்கே தலையில் அடிக்க வேண்டும் போலிருக்கிறது. சாம்பல் நிறப் புட்டி உருண்டை ஒன்பது. ஒவ்வொன்றிலும் நூல் வால். பக்கத்தில் பற்றரி, வயர், டிக் டிக்கென்று டைமர். அந்தக் காலத்துத் திருகோணமலையில்!

ஐந்தாம் நாள் காலை, தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் எட்டி, "அக்கா, ஆமிக்காரர் றோட்டைச் சுத்தி வளைச்சிட்டாங்கள், ஒவ்வொரு வீடா வாறாங்கள்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அவர் குசினிக்குள் வந்தார். பேசினைப் பார்த்தார். அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

"இஞ்சேரும், உதைத் தூக்கிக் கிணத்துக்கை போடும்."

"என்ன விசர்க் கதை கதைக்கிறியள்? நல்ல தண்ணிக்கை போட்டா அவ்வளவும் செத்துப்போம்."

"பாக்கிறவனுக்கு உது என்ன மாதிரித் தெரியும் எண்டு யோசியும்."

"கல்லு மாதிரித் தெரியும். கல்லுத்தானே. கேட்டா நான் சொல்லுறன்."

"பற்றரியையாவது கழட்டும்."

"காத்து நிண்டா ஒரு மணித்தியாலம் தாங்காது. நான் ஒண்டையும் கழட்டமாட்டன்."

அவர் பேசினில் கை வைத்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். அது மட்டும் இல்லை, "கையை எடுங்கோ! எல்லாத்துக்கும் பயந்து பயந்து சாகுங்கோ!" என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் கையை எடுத்துவிட்டார். எப்போதும் போலத்தான். அந்த ஒரு நாளாவது அவர் எனக்கு ஒரு அறை விட்டுவிட்டுப் பேசினைத் தூக்கியிருக்கலாம்.

ஆறு பேர் வந்தார்கள். இரண்டு பேர் விறாந்தையில் தொட்டியைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். மீனைக் கண்டால் யாருக்கும் சந்தோசம்தான். மூன்றாவது ஆள் குசினிக்குள் கால் வைத்தான். பேசினைக் கண்டதும் அப்படியே பின்னால் பாய்ந்து கத்தினான். பிறகு நடந்தது எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. என்னைச் சுவரோடு தள்ளினார்கள். அவரைத் தலைமுடியில் பிடித்து, குசினிக் கதவால் இழுத்துக்கொண்டு போய், பின்முற்றத்தில் முழங்காலில் இருத்தினார்கள். ஒருவன் இடது பக்கம் நின்று சிங்களத்தில் கேட்டான். இவருக்குச் சிங்களம் நல்லாய்த் தெரியும், ஆனால் அந்தக் காது கேளாதே. பேசாமல் இருந்தார். வாயில் பூட்ஸ் காலால் உதைத்தான். இரத்தத்தோடு ஒரு பல் மண்ணில் விழுந்தது.

"மாத்தயா! அவருக்கு அந்தக் காது கேக்காது! அந்தப் பக்கம் நிண்டு கேளுங்கோ!" என்று குழறினேன்.

அதிகாரியாய் வந்தவர் வலது பக்கம் போய்க் குனிந்து கேட்டார், யார் இதைச் செய்தது என்று. நான் வாயைத் திறக்குமுன் இவர், "நான்தான்" என்றார். என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடு என்று இருந்தது. கலியாணம் கட்டி அத்தனை வருசத்தில் அவர் எனக்கு இட்ட ஒரே கட்டளை அது, நானும் கேட்டு நடந்தேன்.

கடல் கல், வள்ளத்துப் புட்டி, வீட்டில் வளர்க்கிறோம் என்று எனக்குத் தெரிந்த சந்தைச் சிங்களத்தில் சொன்னேன். அதிகாரி கேட்டுக்கொண்டுதான் இருந்தார், நம்பவும் விரும்பினார் போலத்தான் இருந்தது. ஆனால் அவர்களில் ஒருவருக்கும் பேசினைத் தொட மனம் வரவில்லை. கடைசியில் அதிகாரி என்னிடம் சொன்னார், கல்லென்றால் நீயே உடைத்துக் காட்டு. பின்பத்தியில், தாழ்வாரத்தின் கீழ், கிடந்த அம்மியைக் காட்டினார். இவரை முழங்காலிலேயே நகர்த்தி, முகம் அம்மிக்கு மேலே வருகிற மாதிரி இருத்தினார்கள். வெடித்தால் முதலில் போகிற தலை இவருடையதாக இருக்க வேண்டும். ஒருவன் மட்டும் இவருக்குப் பின்னால் துவக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். மற்றவர்கள் கிணற்றுக் கட்டுக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டார்கள்.

நான் பேசினைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தேன். முதல் துண்டை எடுத்தேன். தண்ணீருக்கு வெளியில் வந்ததும் சுருங்கி வழுவழுவென்று பால் மாதிரி ஒன்றைக் கக்கியது. அம்மியில் வைத்துக் குழவியைத் தூக்கினேன். இவர் கண்ணை மூடவில்லை. "அடியும், ஒண்டும் நடக்காது" என்றார் எனக்கு. உடைந்த வாயால் எனக்கு ஆறுதல்!

அடித்தேன். நொறுங்கிப் போனது. புட்டி பிளந்து உள்ளே சாம்பல் நிறம்தான். பின்னால் நின்றவன் துள்ளி விழுந்தான். இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொரு அடிக்கும் கிணற்றுக் கட்டுக்குப் பின்னால் தலைகள் தாழ்ந்தன. எனக்கு அதைப் பார்க்க ஒரு சந்தோசம் வந்தது, பொய் சொல்லமாட்டேன். நாலாவதில் அதிகாரி எழும்பி, போதும், போதும் என்றார். அவருக்கு விளங்கிவிட்டது. கையால் சைகை காட்டி இவரை எழும்பச் சொன்னார்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். மிச்சம் ஐந்து துண்டும் உயிரோடு பேசினில் இருந்தன. தொட்டியும் இருந்தது. இவருக்கு ஒரு பல் போனதோடு தப்பியிருப்போம்.

எனக்குக் கை நிற்கவில்லை. இவரும் எழும்பாமல் என்னையே பார்த்துக்கொண்டு முழங்காலில் இருந்தார். ஐந்தாவதை எடுத்து அடித்தேன். ஆறாவது, ஏழாவது. ஊதா நுனி உள்ளதையும் அடித்தேன். யாரில் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவர்களில், கையைத் தட்டிவிட்டதும் எடுத்துக்கொண்ட இவரில், என்னில். அம்மியெல்லாம் கூழாகி நாறியது. ஒன்பதும் முடிந்த பிறகும் குழவி என் கையில் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள்ளால் விறாந்தைக்குப் போனேன். ஒருவரும் தடுக்கவில்லை, கொண்டுபோய் வைக்கப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். தொட்டிக்கு முன்னால் நின்றேன். "இந்தாருங்கோ, இதையும் பாருங்கோ!" என்று கத்திக்கொண்டு குழவியை இரண்டு கையாலும் கண்ணாடியில் எறிந்தேன்.

வெடித்த சத்தம் அப்படி. அத்தனை தண்ணீரும் ஒரேயடியாக என் வயிற்றில் வந்து மோதித் தள்ளியது. பின்முற்றத்தில் இன்னொரு சத்தம் கேட்டது, மரத்தில் கோடாலி விழுந்த மாதிரி. கண்ணாடிக்குள்ளால் ஓடினேன். இவருக்குப் பின்னால் நின்றவன் வெடி என்று நினைத்துவிட்டான். பயத்தில் துவக்குப் பிடியால் அடித்திருக்கிறான். இவர் அம்மிக்கு மேலே குப்புறக் கிடந்தார். வலது காதால் இரத்தம் வந்துகொண்டிருந்தது.

அதிகாரி அடித்தவனைப் பிடித்துத் தள்ளினார். விறாந்தையை எட்டிப் பார்த்தார். மீன்கள் சீமேந்தில் துடித்துக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்து, "பிஸ்ஸு" என்றார், விசரி என்று. பிறகு எல்லாரும் போய்விட்டார்கள், அடுத்த வீட்டுக்கு.

ஆஸ்பத்திரியில் காதைப் பார்த்த டொக்டர் கையை விரித்தார். நல்ல காதும் போய்விட்டது. அதற்குப் பிறகு இவருக்கு எதையும் தாளில் எழுதித்தான் காட்ட வேண்டும். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள், தொட்டியையும் உடைச்சவங்களோ என்று. ஓம் என்றேன். நாசமறுவார், வாயில்லாச் சீவனையும் விடவில்லை என்று அவர்களுக்குத் திட்டு விழுந்தது. நானும் சேர்ந்து திட்டினேன். இவருக்குத் தெரிய வழியில்லை, நான் கத்தினதையும் அவர்களைத் திட்டினதாகத்தான் நினைத்திருப்பார். அவர் பின்னால் முழங்காலில் இருந்தார், எழும்பிப் பார்த்தபோது தொட்டி உடைந்திருந்தது.

ஒரு மாதத்துக்குப் பிறகு ஒரு பின்னேரம் விறாந்தையில் கதிரையைப் போட்டு இருந்தோம். சீமேந்து இடுக்கில் இன்னும் கண்ணாடித் துகள் இருந்தது, நான் நகத்தால் கிண்டிக்கொண்டிருந்தேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தன் குரல் எவ்வளவு உயரம் என்று தெரியாமல் பெரிதாய்ச் சொன்னார்.

"விடும். உடைச்சுப் போட்டாங்கள், போகட்டும். நீர் எவ்வளவு பாடுபட்டு வளர்த்தனீர். எனக்கு என்ர காதை விட அதுதான் கவலை."

நான் தலையை நிமிர்த்தாமல், "அவங்கள் உடைக்கேல்ல. நான்தான் உடைச்சனான். அந்தச் சத்தத்துக்குத்தான் உங்களுக்கு அடிச்சவன்" என்றேன்.

என் வாய் அசைந்ததை மட்டும் கண்டிருக்கிறார். "என்ன சொன்னனீர்?" என்று பழக்கத்தில் வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு குனிந்தார்.

தாளும் பேனையும் மேசையில்தான் இருந்தன. தேத்தண்ணி குடிக்கப் போறியளோ என்று கையால் காட்டிக் கேட்டேன். ஓம் என்று தலையாட்டினார். நான் எழும்பிக் குசினிக்குப் போனேன்.